சிவப்பு நூல் கட்டுகள்

மறியல் செய்தவர்களை விட்டால், அந்த வாரம் சாலை திறக்கக் கூடாது என்று நினைத்தவள் கள்ளக்குறிச்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

1987, செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வார மறியல். சேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. எங்கள் கம்பெனி வாசலில் டிரைவர் பாவாடை அண்ணனின் லாரி நாலாயிரம் ஒயர்களோடு நின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் சரிபார்த்ததற்கு அடையாளமாக என் கையெழுத்து இருந்தது.

கம்பெனி என்றால் சங்கராபுரம் போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை. கோயம்புத்தூரில் பம்புசெட் ஸ்டார்ட்டர் செய்கிற ஒருவருக்கு, ஸ்டார்ட்டருக்குள் மாட்டும் ஒயர்களை நாங்கள் செய்து அனுப்பினோம். ஒயரின் முனையில் ஒரு செம்பு வளையம் பிடிக்க வேண்டும். அதற்கு டெர்மினல் என்று பெயர். டெர்மினலுக்குள் ஒயரை நுழைத்து, டூலின் வாயில் வைத்து, காலால் பெடலை மிதித்தால், கம்ப்ரசரிலிருந்து காற்று வந்து பிஸ்டனைத் தள்ளும். வாய் மூடும். செம்பு ஒயரைக் கடித்துக்கொள்ளும். கடி முழுசாக முடிந்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் பிஸ்டன் பாதியில் திரும்பிவிடும்.

இரண்டு டூல் இருந்தன. ஒன்றில் அம்சவள்ளி அக்கா. நாலு வருஷ அனுபவம், பெடலில் அவள் கால் தையல் மெஷின் மாதிரி ஓடும். இன்னொன்றில் வெள்ளச்சி. கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அம்சவள்ளி ஐம்பது ஒயரைச் சிவப்பு நூலால் ஒரு கட்டாகக் கட்டுவாள். வெள்ளச்சிக்கு நீல நூல்.

நான் பி.எஸ்சி. இயற்பியல். ஊர் நைனார்பாளையம். அரசு வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு இங்கே சேர்ந்திருந்தேன். சரக்கைச் சரிபார்ப்பதும் டூலைப் பராமரிப்பதும் என் பொறுப்பு. காலையில் கம்ப்ரசர் தொட்டியின் அடித் திருகைத் திறந்து, இரவில் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். காற்றை வடிகட்டும் கிண்ணத்தைத் துடைக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடிக் குப்பியில் எண்ணெய் நிரப்ப வேண்டும். அந்த எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் காற்றோடு கலந்து இரண்டு டூலுக்கும் போகும்.

மறியலுக்கு முந்தின நாள், புதன்கிழமை, எண்ணெய் டின் காலி. முதலாளி சுப்புராயன் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் அறையில் ஏழெட்டு ஆண்கள் மறுநாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசல் வரை போனேன். ஒருவர் திரும்பிப் பார்த்தார். வந்துவிட்டேன்.

கொட்டகைக்குப் பின்னால் எனக்கும் வெள்ளச்சிக்கும் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். என் பெட்டியில் அம்மா கொடுத்தனுப்பிய விளக்கெண்ணெய் இருந்தது. எங்கள் வீட்டில் மாட்டு வண்டி அச்சுக்கு அதைத்தான் போடுவார்கள். கிணற்று உருளைக்கும் அதுதான். கெட்டியான எண்ணெய் என்றால் இன்னும் நல்லது என்று நினைத்தேன். திரவங்களின் பாகுநிலை பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதியவள் நான். குப்பியில் ஊற்றி மூடினேன். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் இருட்டுவதற்குள் சரக்கை ஏற்றச் சொன்னார்கள். சோதனைக்குக் கையருகில் இருந்த கட்டிலிருந்து இரண்டு ஒயர் உருவினேன். புளி மூட்டை நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்று சுவரில் மாட்டியிருக்கும். டெர்மினலை ஆணியில் மாட்டி, ஒயரைத் தராசுக் கொக்கியில் கட்டி, நெம்புகோலால் இழுக்க வேண்டும். இருபது கிலோ வரை தாங்கினால் சரி. இரண்டும் இருபத்து நாலைத் தாண்டின. கையெழுத்துப் போட்டேன். உருவியது நீல நூல் கட்டு.

விடிந்தபோது சாலை மூடியிருந்தது.

சனிக்கிழமை காலை கரண்ட் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் டூலைத் துடைக்கப் போனேன். கம்ப்ரசரை ஓடவிட்டு அம்சவள்ளியின் பெடலை மிதித்தேன். 'டக்' வரவில்லை. காலை எடுக்கப் போகும்போது வந்தது. மறுபடி மிதித்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணி முடித்த பிறகுதான் சத்தம். முன்பெல்லாம் மிதித்தவுடன் கேட்கும்.

வால்வைக் கழற்றினேன். உள்ளே நான் ஊற்றிய விளக்கெண்ணெய் மஞ்சளாக, பிசின் மாதிரி, விரலில் ஒட்டியது.

அம்சவள்ளியின் மேஜை மேல் இன்னும் சிவப்பு நூல் கட்டாத ஒயர்கள் கொஞ்சம் கிடந்தன. ஒன்றைத் தராசில் மாட்டி இழுத்தேன். எட்டு கிலோவில் ஒயர் நழுவி என் கையோடு வந்தது. அடுத்தது பதினொன்று. அடுத்தது ஒன்பது. பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. கடித்த தடம் அழகாக இருந்தது.

தளர்ந்த இடத்தில் சூடேறும். சூடேறினால் ஒயர் மேல் உறை உருகும். ஸ்டார்ட்டர் பெட்டி இரும்பு; அதில் கரண்ட் பாயும். எங்கள் கிணற்றடியிலும் அதே கோயம்புத்தூர் ஸ்டார்ட்டர்தான். அண்ணன் கொளஞ்சியப்பன் வரப்பிலிருந்து ஏறி வந்து, ஈரக் கையோடு, செருப்பில்லாமல், பச்சைப் பட்டனை அமுக்குவான். அந்த வாரம் அவன் சின்னசேலம் பக்கம் சாலையில் உட்கார்ந்திருந்தான். போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது என்று பேச்சு. அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. எனக்கோ போலீஸைவிட அந்தப் பச்சைப் பட்டன்தான் கண் முன்னால் நின்றது.

சனி போனது. ஞாயிறு போனது. தினமும் சுப்புராயன் சார் சைக்கிளில் வந்து லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். மாசக் கடைசிக்குள் சரக்குப் போகாவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு, சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன்.

திங்கட்கிழமை சொன்னேன். பாதி.

"சார், கொஞ்சம் பீஸு லூசா இருக்கற மாதிரி தெரியுதுங்க."

அவர் முகம் மாறியது. ஆனால் யோசிக்கக்கூட இல்லை. "அந்த மலைப் பொண்ணா? புதுசுன்னு அப்பவே சொன்னேன். ரோடு தொறந்ததும் மொத பஸ்ல வெள்ளிமலைக்கு ஏத்தி வுட்டுடும்மா."

எத்தனை பீஸ் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஒன்றிரண்டு என்றால் கோயம்புத்தூர்க்காரனே கழித்துக்கொள்வான், போகட்டும் என்றார். வெள்ளச்சி காரணம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டார்.

அறைக்குள் வெள்ளச்சி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தகரச் சுவர். எல்லாம் கேட்டிருக்கும். சாப்பிட்டு முடித்தோம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"எது லூசுக்கா? காட்டுங்க. நா பண்ணதான்னு பாக்கறன்."

நான் அடுப்புச் சாம்பலைக் கிளறினேன்.

"நீங்கதான டக்குன்னு கேட்ட பொறவு காலெடுன்னு சொன்னீங்க. அன்னிக்கி மத்தியானத்துக்கு மேல டக்கு லேட்டா வந்துது. நா காத்துக்கினுதான் இருந்தன். அம்சக்கா கூட சிரிச்சாங்க, இன்னாடி தூங்கறியான்னு."

"லேட்டா வர்றத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மிசினுக்குத்தான் தூக்கம்னு நெனச்சேன்" என்றாள். சிரிக்கவில்லை.

அன்றிரவு அவள் துணிகளை ஒரு உரச் சாக்கில் மடித்து வைத்தாள். சாமை அறுப்புக்கு எப்படியும் ஒரு தடவை போக வேண்டியிருந்தது என்றாள். எனக்காகச் சொன்னாள். அது எனக்குத் தெரிந்தது.

செவ்வாயும் புதனும் சாலையிலிருந்து வந்த ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தேன். மரம் இழுக்கிற சத்தமா, வண்டிச் சத்தமா என்று காதைத் தீட்டினேன். திறக்காமல் இருந்தால் சொல்ல வேண்டாம். எனக்கு அந்தக் கணக்குத்தான்.

வியாழக்கிழமை காலை திறந்துவிட்டது. மரங்களை ஓரத்துக்கு இழுத்துவிட்டார்களாம், வெள்ளிமலை பஸ் எட்டு மணிக்கு என்று சொல்லிக்கொண்டே பாவாடை அண்ணன் லாரிக் கண்ணாடியைத் துடைத்தார். அம்சவள்ளி வேலைக்கு வந்துவிட்டாள். சுப்புராயன் சார் ஊதுபத்தி கொளுத்தி ரேடியேட்டர் மேல் செருகினார். வெள்ளச்சி உரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் அறைச் சாவியை நீட்டினாள்.

சாவியை வாங்கிக்கொண்டேன். லாரி உறுமியது. வாசலைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

நான் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. லாரிக்கு முன்னால் நின்றேன். பாவாடை அண்ணன் பிரேக்கை மிதித்துத் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாமா, ஊரே மறியல முடிச்சிட்டுப் போவுது. நீ இப்பதான் ஆரம்பிக்கிறியா?"

யாரோ சிரித்தார்கள். சுப்புராயன் சார் வேகமாக வந்தார். சுவரிடம் பழகிய வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"எண்ண ஊத்துனது நானுங்க சார். டின்னு காலி. வெளக்கெண்ணய ஊத்திட்டேன். பிஸ்டன் லேட்டாச்சு. வெள்ளச்சி பண்ணது எல்லாம் கெட்டிங்க. சிவப்பு நூல் கட்டுதான் லூசுங்க."

லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கச் சொன்னார்.

தராசுக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள். லாரியிலிருந்து இறக்கிய ஒரு சிவப்புக் கட்டிலிருந்து நான் உருவ, அவரே நெம்புகோலை இழுத்தார். ஒன்பதில் நழுவியது. அடுத்தது பத்து. பிறகு நீலக் கட்டிலிருந்து ஒன்று. முள் இருபதைத் தாண்டி, இருபத்தாறில் ஒயரே அறுந்தது. டெர்மினல் விடவில்லை.

அம்சவள்ளி அக்காவின் முகம் கறுத்தது. "எண்ண ஊத்துனவ நீ, கெட்ட பேரு எனுக்கா? நாலு வருசமா மிதிக்கறேன்டி நானு."

அவள் சொன்னது நியாயம்தான். அவள் வேகம் நல்ல டூலுக்கு ஏற்ற வேகம். அதைச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுப்புராயன் சார் நழுவிய டெர்மினலை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். "எப்பலேந்து தெரியும்?"

"சனிக்கெழமலேந்துங்க."

"இன்னிக்கி வியாழன்."

அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

பிறகு, பாதி கடித்ததை இன்னொரு தடவை மிதித்தால் போதாதா என்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே போதும் என்ற பதிலை எதிர்பார்ப்பது தெரிந்தது. "போதாதுங்க" என்றேன். ஒருமுறை மடிந்த செம்பை மறுபடி அழுத்தினால் உள்ளே இழைகள் அறுந்துபோகும். முனையை வெட்டிப் புது டெர்மினல் பிடிக்க வேண்டும். ஒயர் அரை அங்குலம் குறையும், அவ்வளவு குறையலாம் என்று கோயம்புத்தூர்க்காரர் கொடுத்த வரைபடத்திலேயே இருக்கிறது. எந்தக் கட்டு எண்ணெய்க்கு முந்தையது, எது பிந்தையது என்று நான் எழுதி வைக்கவில்லை. அதனால் சிவப்பு முழுவதையும் வெட்ட வேண்டும். இவ்வளவு நீளமாக அவரிடம் நான் அதுவரை பேசியதில்லை.

"எறக்குப்பா" என்றார் பாவாடை அண்ணனிடம். அப்புறம் வெள்ளச்சியின் உரச் சாக்கைப் பார்த்தார். "அத உள்ள வெச்சிட்டுப் போயி பெடலாண்ட ஒக்காரு." மன்னிப்பு மாதிரி எதுவும் அதில் இல்லை. அவள் உடனே போகவில்லை. சாலையில் வெள்ளிமலை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

என்னைப் பற்றிச் சரக்குப் போன பிறகு பேசலாம் என்றார்.

வால்வுகளை மண்ணெண்ணெயில் கழுவினேன். ரப்பர் வளையங்களை மட்டும் தனியாக எடுத்துத் துணியால் துடைத்தேன். குப்பியை மூன்று முறை அலசினேன். மத்தியானம் விழுப்புரத்திலிருந்து வந்த முதல் பஸ்ஸில் எண்ணெய் டின் வந்தது. தண்ணீர் மாதிரி மெல்லிய எண்ணெய். அம்சவள்ளி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கம்ப்ரசரைப் போட்டேன்.

அவள் மிதித்தாள். 'டக்.'

முதல் ஒயரை வாங்கிக்கொண்டு தராசுக்குப் போனேன். வெள்ளச்சியும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டானா என்று இன்னும் தெரியவில்லை. மாசக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. நெம்புகோலை இழுத்தேன். முள் எட்டைத் தாண்டியது. பத்து. பதினைந்து.

"அக்கா, விட்டுறாதீங்க" என்றாள் வெள்ளச்சி. "இன்னும் கொஞ்சம்."