ஜூலையில் பாசிக்குடா

சூறாவளி ஒரு கரீபியன் தீவைத் தாக்கிய மறுநாள் காலையில், தக்ஷினி மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் உள்ள பயண முகவர் நிலையத்துக்கு எல்லாருக்கும் முன்னதாகவே வந்துவிட்டாள். தொலைக்காட்சியைப் போட்டதும் அவளுக்குத் தெரிந்த ஹோட்டல் ஒன்று தெரிந்தது. அதன் கூரை கழன்று நீச்சல் குளத்துக்குள் கிடந்தது. அந்த ஹோட்டலில்தான் அவள் முப்பத்தெட்டுப் பேருக்கு அறைகள் பதிவு செய்திருந்தாள்.

அவர்கள் புரோசார்டைச் சேர்ந்தவர்கள். கூரை வேலை செய்யும் ஆட்களும் அவர்களுடைய குடும்பங்களும். கியூபெக்கில் கட்டட வேலைக்காரர்கள் எல்லாரும் ஜூலைக் கடைசியில் ஒன்றாக விடுமுறை எடுப்பார்கள். அந்த இரண்டு கிழமையைத் தவறவிட்டால், பிள்ளைகளோடு கடல் பார்க்க அடுத்த வருடம்தான்.

குழுவின் தலைவர் ஜில்பேர் தொலைபேசியில் வந்தார். "மதாம், அந்தக் கூரையைப் போட்டவனை எனக்கு ஒருக்கால் காட்டுங்கள்" என்றார் பிரெஞ்சில். சிரித்தார். உடனே குரல் மாறியது. "பிள்ளைகள் அழுகிறார்கள். ஏதாவது வழி இருக்கிறதா?"

"நாளை பின்னேரம் வந்து சொல்கிறேன்" என்றாள் தக்ஷினி. எந்த வழியும் அப்போது அவள் கையில் இல்லை.

நிலையத்தின் உரிமையாளர் ஜொஸ்லின் வந்ததும் வேறொரு கரீபியன் தீவைச் சொன்னாள். பக்கத்துத் தீவு, நேரடி விமானம், ஹோட்டலில் அறைகளும் உண்டு. விமானச் சீட்டுகளைப் பார்க்கும் ராகவ், சென்னைக்காரன், கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு தலையை ஆட்டினான்.

"அதே கடல்தான் தக்ஷினி. பாருங்க, பின்னாடியே இன்னொன்னு கிளம்புது. அது எங்க போகும்னு யாருக்கும் தெரியல."

திரையில் வெள்ளைச் சுழி ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. தக்ஷினி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வரைபடத்தைச் சுருக்கினாள். அட்லாண்டிக் கடந்து, ஆப்பிரிக்கா கடந்து, இந்து சமுத்திரத்துக்குப் போனாள். இலங்கையின் கிழக்குக் கரையில் ஒரு முகில் கூட இல்லை.

அவள் கல்குடாவில் பிறந்தவள். இங்கே வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் எத்தனையோ தீவுகளை விற்றிருக்கிறாள். தன் ஊரை மட்டும் ஒருநாளும் விற்றதில்லை. மொன்றியல் ஆட்கள் வெயில் தேடி ஓடுவது பனிக்காலத்தில். அந்த மாதங்களில் கிழக்குக் கரையில் அடைமழை. ஜூலையில் அங்கே வெயில் எரிக்கும், கடல் தட்டையாகக் கிடக்கும். ஆனால் ஜூலையில் அவ்வளவு தூரம் போக யாரும் கேட்டு வந்ததில்லை.

"ராகவ், கொழும்புக்கு முப்பத்தெட்டு சீட் எடுக்கலாமோ?"

"கொழும்புக்கா? எப்போ?"

"அடுத்த வெள்ளி."

அவன் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். விரல்கள் விசைப்பலகையில் ஓடின. "ஒரே விமானத்துல கிடைக்காது. இருங்க... இஸ்தான்புல் வழியா இருபது. தோஹா வழியா பதினெட்டு. அட, ரெண்டும் ஒரே காலைலதான் போய்ச் சேருது!" நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். "நாளன்னைக்கு வரைக்கும்தான் பிடிச்சு வைக்க முடியும். சீக்கிரம் முடிவெடுங்க."

தக்ஷினி பெரியப்பாவின் மகன் அருள்நேசனை அழைத்தாள். அவன் கல்குடாவுக்குப் பக்கத்தில் பாசிக்குடாவில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறான்.

"அண்ணா, முப்பத்தெட்டுப் பேர் வரலாம். இடம் தர ஏலுமோ?"

"முப்பத்தெட்டோ? உனக்கென்ன விசரோ? என்னட்ட இருக்கிறதே பத்து அறை. அதிலயும் ரெண்டு ஒழுகும்."

"ஜூலையில மழை எங்க அண்ணா? ஒழுகினாத்தான் என்ன?"

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "பொறு, பக்கத்து விடுதி வின்சன்ட்டைக் கேட்டுப்போட்டு வாறன்." ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அவன் திரும்ப அழைத்தான். மூச்சு வாங்கியது. "வின்சன்ட் ஆறு அறை தாறானாம். றோசா மாமி மேல்மாடி முழுக்கத் தாறாவாம். வாறாக்களை வரச் சொல்லு தங்கச்சி! ஆனா உண்மையாத்தான் வருவாங்களோ?"

அதுதான் தெரியாமல் இருந்தது. ஜொஸ்லின் யோசித்துவிட்டு, "இரண்டையும் அவர்களிடம் சொல்லுவோம். அவர்களே தெரிவு செய்யட்டும்" என்றாள்.

அடுத்த நாள் பின்னேரம் புரோசார்டில் ஒரு மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். வேலையிலிருந்து நேரே வந்தவர்களின் சப்பாத்துகளில் தார் ஒட்டியிருந்தது. ராகவ் கணினியையும் ஒரு பெரிய திரையையும் பொருத்தி வைத்தான். முதலில் ஜொஸ்லின் தன் தீவைச் சொன்னாள். ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றதும் கைதட்டினார்கள். பிறகு தக்ஷினி எழுந்தாள்.

"எவ்வளவு தூரம்?" முதல் கேள்வியே அதுதான். கேட்டவள் கரோல், ஜில்பேரின் மகள். மடியில் ஒரு பிள்ளை, பக்கத்தில் இரண்டு.

"விமானத்தில் கிட்டத்தட்ட ஒரு நாள். அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம்."

மண்டபம் முணுமுணுத்தது. தக்ஷினி விடவில்லை. "அந்த பஸ் மின்னேரியாக் குளத்தைத் தாண்டித்தான் போகும். இந்த மாதங்களில் குளம் வற்றும். கரையில் புல் முளைக்கும். காட்டு யானைகள் எல்லாம் அந்தப் புல்லுக்கு வரும். பத்து, இருபது இல்லை. நூறுக்கு மேலே."

கரோலின் பிள்ளைகள் இருவரும் நாற்காலியில் ஏறி நின்றார்கள்.

"குண்டு வெடித்த நாடுதானே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஓம், வெடித்தது. யுத்தமும் நடந்தது. நான் அதுக்குள் வளர்ந்தவள். பிறகு பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற வருடமும் ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு ஆட்கள் வராமல் விட்டார்கள், விடுதிகள் பூட்டிக் கிடந்தன. இப்போது திரும்ப வருகிறார்கள். அண்ணாவின் விடுதியில் போன கிழமை ஜெர்மன்காரர் இருந்தார்கள்."

"சுனாமி?" என்றார் ஜில்பேர் மெதுவாக.

தக்ஷினி அவர் பக்கம் திரும்பினாள். "அன்றைக்கு எனக்குப் பத்து வயது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினா. நாங்கள் தப்பினோம். பக்கத்து வீட்டில் ஒருவரும் தப்பவில்லை. அதுக்குப் பிறகு நான் அந்தக் கடலில் இறங்கவில்லை. பத்து வயது வரைக்கும் ஒவ்வொரு நாளும் இறங்கினேன். அதைப் போல ஒரு கடலை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன்."

ஜொஸ்லின் வாக்கெடுத்தாள். தக்ஷினியின் பக்கம் ஏழெட்டுக் கைகள்தான் உயர்ந்தன. அதில் இரண்டு யானைக்காக நின்ற பிள்ளைகளுடையவை.

அவள் தன் பையை எடுக்கக் குனிந்தபோது கரோல் எழுந்தாள். "எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். தண்ணீர் எவ்வளவு ஆழம்? இவர்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது."

தக்ஷினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே வெளியே வாகனத் தரிப்பிடத்தில் சூரியன் சரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அங்கே விடியப் போகிறது! "ராகவ், கெதியாப் போனைத் திரையில போடுங்கோ!"

அருள்நேசன் வீடியோ அழைப்பை முதல் மணியிலேயே எடுத்தான். சாரம் கட்டிக்கொண்டு மணலில் நின்றான். அவனுக்குப் பின்னால் கடலும் வானமும் செம்பருத்தி நிறத்தில் இருந்தன. சூரியனின் நுனி தண்ணீரை விட்டு வெளியே வந்தது. மண்டபத்தில் யாரோ "ஓ மோன் தியூ" என்றார்கள். கடவுளே!

"அண்ணா, கடலுக்குள்ள நடவுங்கோ! இவைக்கு ஆழம் பாக்க வேணுமாம்."

"போனோடயோ?"

"ஓம், போனோட!"

அவன் இறங்கினான். முழங்கால். நடந்தான். இன்னும் முழங்கால்தான். கரை பின்னால் சின்னதாகப் போய்க்கொண்டே இருந்தது. தென்னை மரங்கள் ஈர்க்குக் குச்சிகளாகத் தெரிந்தன. தண்ணீர் இப்போதுதான் இடுப்புக்கு வந்தது.

"அங்கோர்!" என்று கத்தினார் ஜில்பேர். இன்னும்! மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "அங்கோர்! அங்கோர்!"

"என்னவாம் தங்கச்சி?"

"இன்னும் போகட்டாம்!"

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த அடி வைத்தான். கால் எதிலோ தட்டியது. திரை வானத்தைக் காட்டியது, பிறகு ஒரு காதைக் காட்டியது, பிறகு எல்லாம் பச்சை நீலமாயிற்று. குமிழிகள் எழுந்தன. மஞ்சள் வரி போட்ட மீன் ஒன்று நெருங்கி வந்து திரையை உற்றுப் பார்த்தது. மண்டபம் முழுவதும் ஒரே கூச்சல். திரை இருண்டது.

தக்ஷினி திரும்பத் திரும்ப அழைத்தாள். தொடர்பு இல்லை. கரோல் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவர் மூழ்கிவிட்டாரா?"

"இடுப்பளவு தண்ணீரில் எப்படி மூழ்குவது?" என்றாள் தக்ஷினி. சொல்லிக்கொண்டே மறுபடியும் எண்ணை அழுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. தெரியாத எண். திரையில் நனைந்த தலையோடு அருள்நேசன் வந்தான். ஒரு தோணியின் விளிம்பில் சாய்ந்து நின்றான், யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ர போன் போட்டுது! இது மீன்பிடிக்கத் தோணியில வந்த வின்சன்ட்டின்ர. பயப்பட வேண்டாம் எண்டு சொல்லு. இஞ்ச பார், நிண்டு காட்டுறன்!" இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். தண்ணீர் இன்னும் இடுப்பில்தான். கரையோ வெகு தூரத்தில். "அந்த மீனைக் கண்டாங்களோ?"

தக்ஷினி மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கூரைக்காரர்கள் மேசைகளில் தட்டினார்கள். ஜொஸ்லின் மறுபடி வாக்கெடுக்க வாயைத் திறக்கும் முன்பே கைகள் மேலே போயிருந்தன. கரோல் தன் கையோடு மடிப்பிள்ளையின் கையையும் உயர்த்தினாள்.

"ஒரு நிபந்தனை" என்றார் ஜில்பேர், சத்தம் அடங்கியதும். "நீங்கள் எங்களோடு வரவேண்டும். கடலில் இறங்குவதும் இறங்காததும் உங்கள் விருப்பம். எங்களை ஒரு தெரியாத கரைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் லவாலில் இருக்கக் கூடாது."

தக்ஷினி ஜொஸ்லினைப் பார்த்தாள். ஜொஸ்லின் தோளைக் குலுக்கினாள். "போ. நான் போக முடியாதே, எனக்கு அந்த மொழி தெரியாது."

தக்ஷினி ராகவின் தோளைத் தட்டினாள். "இன்னொரு சீட் பாருங்கோ."

"யாருக்கு?"

"எனக்கு!"

கார்ட்டியர்வில்லில் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னாள். அம்மா வதனி சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு மகளை நிமிர்ந்து பார்த்தா. ஏதோ சொல்லப் போகிறா என்று தக்ஷினி காத்து நின்றாள்.

"கடலுக்குள்ள இறங்குவியோ?"

"தெரியாது அம்மா. அங்க போனாத்தான் தெரியும்."

"இறங்கினா எனக்குக் கூப்பிட்டுக் காட்டு" என்றா அம்மா. "போனைத் தண்ணிக்குள்ள விட்டுடாத."

வெள்ளிக்கிழமை விமான நிலையம் ஒரே அமளியாக இருந்தது. கூரைக்காரர்கள் பூப்போட்ட சட்டைகளில் வந்திருந்தார்கள். ஜில்பேர் சோதனை வரிசையில் நின்றபடி "வணக்கம்" சொல்லிப் பழகினார். ஒவ்வொரு தடவையும் அது வேறு வேறு சொல்லாக வந்தது. கரோலின் பிள்ளைகள் வழியில் எத்தனை யானை வரும் என்று கேட்டு தக்ஷினியைத் துளைத்தார்கள்.

விமானம் ஏறும் வாசலுக்குக் கிட்டப் போகும்போது ராகவ் அழைத்தான். "தக்ஷினி, நம்ப மாட்டீங்க! அந்த மீன் வீடியோவை யாரோ இணையத்துல போட்டுட்டாங்க போல. குழாய் வேலை செய்யறவங்க குழு ஒண்ணு, அடுத்த ஜூலைக்கு இதே இடம் வேணுமாம். கூட்டம் எப்ப வைக்கலாம்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

முன்னால் வரிசை நகரத் தொடங்கியது. ஜில்பேர் இரண்டு கைகளையும் தூக்கி அவளைக் கூப்பிட்டார்.

"பேந்து கதைக்கிறன் ராகவ், ஏறுறாங்கள்!" என்று சொல்லிக்கொண்டே தக்ஷினி பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.