காசு கொடுத்து வாங்கிய காடு

தன் வேலை ஓடாததற்கு வீடுதான் காரணம் என்று ஒருநாள் கண்டுபிடித்தான் விக்னேஸ்வரன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மலேசியாவில், ஈப்போ நகரில் வீட்டிலிருந்தே கம்பெனிக் கணக்குப் பார்க்கிறவன் கூடத்தை மாற்ற முடியுமா? கண்ணில் மாட்டும் கருவியொன்றை வாங்கிவிட்டான். பார்க்க நீச்சல் கண்ணாடிக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். மாட்டிக்கொண்டால் கூடமும் தெரியும், கூடத்துக்குள் அவன் நிறுத்திவைத்த திரைகளும் அந்தரத்தில் தெரியும். ஒரு பக்கம் கணக்கு, மறுபக்கம் பந்தாட்டம், நடுவில் அருவி கொட்டும் பச்சைக் காடு. காட்டைப் பார்த்தால் மனம் ஒருமுகப்படுமாம். சுங்காய் ரப்பர்த் தோட்டத்தில் அவன் அப்பா கொசுக்கடி பட்டுப் பால்மரம் வெட்டி மகனைப் படிக்கவைத்ததே, பிள்ளை காட்டுப் பக்கம் போகக்கூடாது என்றுதான். பிள்ளை காசு கொடுத்துக் காடு வாங்கினான்.

வேலை முடிந்த பிறகும் துரை அதைக் கழற்றுவதில்லை. சாப்பாடும் அதற்குள்ளேயே. மனைவி சாந்தினி எதைக் கேட்டாலும் "ம், சரிலா" என்று ஒரே பதில்.

அந்த வாரம் அவளுக்கு அவனிடம் பேச முக்கியமான விஷயம் இருந்தது. அவள் வேலை செய்யும் பேங்கில் தெலுக் இந்தான் கிளைக்கு மேனேஜராகப் போகச் சொல்லியிருந்தார்கள். எத்தனையோ வருஷம் காத்திருந்த பதவி. போனால் அங்கேதான் தங்க வேண்டும், வாரக் கடைசியில்தான் வீடு. இவனைத் தனியாக விட மனசில்லாமல், வேண்டாம் என்று சொல்லிவிடவே நினைத்திருந்தாள். "போகாதே" என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும். பேச்செடுத்த போதெல்லாம், பிறகு பார்க்கலாம் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் குளிக்கப் போனபோது, அப்படி என்னதான் இருக்கிறது என்று அதை எடுத்து மாட்டிப் பார்த்தாள். திரைகள் அவன் வைத்த இடத்திலேயே நின்றன. காடும் நின்றது, சன்னலோரம் அவள் தினமும் உட்காரும் பிரம்பு நாற்காலியை முழுசாக மறைத்துக்கொண்டு. ஆனாலும் பெண் மனசு புருஷனுக்கு வக்கீல் வைத்துப் பேசியது. அந்தச் சுவர்தான் காலியாக இருந்திருக்கும், பாவம்.

அவன் வந்து மாட்டிக்கொண்டதும் சாந்தினி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் சாமி மேடைப் பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

விக்னேஸ்வரனின் தலை திரும்பியது. கை உயர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உப்புக் கிள்ளுவதுபோல் காற்றைக் கிள்ளி, எதையோ இழுத்துவந்து, சரியாக அவள் முகத்துக்கு நேரே விட்டன. பிறகு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டான்.

அந்தக் காட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே சாந்தினி தன் மேலதிகாரிக்குப் போன் போட்டாள்.

"நான் போறேன் சார்," என்றாள்.

"போறியா?" என்றான் விக்னேஸ்வரன். "வரப்ப எனக்குச் சாப்பிட கடையில மீ கோரெங் ஒன்னு புங்குஸ் கட்டிட்டு வாலா."