றொஷேலின் கோடு

யாகப்பருக்கு ஒழுங்கு என்றால் உயிர். கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் முப்பது வருசம் எழுத்து வேலை பார்த்த மனிதர்; திகதி போடாத கடிதத்தைக் கையாலும் தொடமாட்டார். விடத்தல்தீவுக் கோவிலுக்குப் புதிதாக வந்த சுவாமியார், யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பிய ஒவ்வொரு குடும்பமும் தன் கதையை எழுதித் தரவேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புத்தகமாகப் போடலாம் என்று பூசையில் அறிவித்தார். சனம் "ஓம் ஃபாதர், ஓம் ஃபாதர்" என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பார்த்தது. யாகப்பர் மட்டும் நேரே கடைக்குப் போய் இருநூறு பக்கக் கொப்பி ஒன்று வாங்கினார்.

கொப்பி ஒரு கிழமையில் காலை வாரியது. ஊரைவிட்டு வெளிக்கிட்டதை எழுதி, கிளிநொச்சியைத் தாண்டி, மாத்தளன் கடற்கரைவரை வந்துவிட்ட பிறகுதான் வெள்ளாங்குளத்தில் ஒரு மரத்துக்குக் கீழே பதினாறு நாள் கிடந்தது ஞாபகத்துக்கு வந்தது. அதை எங்கே செருகுவது? ஓரத்தில் எழுதினார், அம்புக்குறி போட்டார், அம்புக்கு மேல் அம்பு போட்டார். கடைசியில் அந்தப் பக்கத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை.

அடுத்ததாகப் பழைய கலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, சுவர் நீளத்துக்கு விரித்தார். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வருசம், மேலே நடந்தது. பார்க்க இலட்சணமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் கடற்காற்று யன்னலால் புகுந்து 2008 ஐக் கிழித்துக்கொண்டு போய்விட்டது.

"உதென்ன சுவரில, எலெக்சன் நோட்டீசா?" என்று கேட்டாள் அவருடைய மனைவி பெற்றிசியா.

"எங்கட குடும்ப வரலாறு."

"நல்ல வரலாறு. பசை காயமுந்தியே பறக்குது."

பெற்றிசியாவுக்கு நண்டுக் கொம்பனியில் சதை எடுக்கிற வேலை. விடிய ஐந்து மணிக்குக் கொம்பனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பொழுதுபட விரலெல்லாம் கோது கிழித்த காயத்தோடு திரும்புவாள். அறுபதை எட்டுகிற வயதில் இந்த வேலை வேண்டாம் என்று யாகப்பர் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். சும்மா இருந்தால் பிள்ளையின் நினைவு வந்து தின்னும் என்று அவள் சொன்ன பிறகு அவர் வாயைத் திறப்பதில்லை.

பிள்ளை என்றால் றொஷேல். மூத்தவள். 2009 மார்ச் முதல் கிழமை, மாத்தளனில், வயிற்றில் செல் துண்டு பட்டது. காயக்காரரை ஏற்றப் படகு வந்தபோது அவளை மட்டும் எடுத்தார்கள்; தாய் தகப்பனுக்கு இடமில்லை என்றுவிட்டார்கள். தூரத்தில் நின்ற செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றியதோடு அவள் கண்ணில் இருந்து மறைந்தாள். இளையவன் மில்ரன் அப்போது தோட்டவெளியில் சித்தி வீட்டில் நின்று படித்ததால் தப்பிக்கொண்டான். ஏப்ரல் இருபதாம் திகதி யாகப்பரும் பெற்றிசியாவும் சனத்தோடு சனமாக வெளியே வந்து செட்டிகுளம் முகாமில் அடைபட்டார்கள். ஜூன் மாதம் அங்கே ஒரு பெண் அவர்களைத் தேடிப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் றொஷேலுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளாம். ஒரு செபமாலையையும், பொலித்தீனில் சுற்றிய ஆஸ்பத்திரிக் காட் ஒன்றையும் கையில் கொடுத்து, "சூசையப்பர் திருநாளண்டு விடியப்புறம் மோசம் போயிட்டா. சிஸ்டர்தான் கண்ணை மூடிவிட்டவ" என்று சொல்லி அழுதாள். மறுநாள் அவளை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு காணவே இல்லை.

விடத்தல்தீவில் சூசையப்பர் திருநாள் என்றால் மார்ச் பத்தொன்பது. சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மார்ச் பத்தொன்பதில் யாகப்பரும் பெற்றிசியாவும் மாத்தளனில் பங்கருக்குள் கிடந்தார்கள். பெற்றிசியா அந்த ஒரு திகதியைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு வருசம் உயிரோடு இருந்தாள். "பறந்து போயிருந்தாலும் பிள்ளையிட்டைப் போயிருக்கேலாது" என்பாள். துக்கம் கேட்க வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொன்னாள், நித்திரை வராவிட்டால் தனக்கும் அதைத்தான் சொன்னாள். ஒவ்வொரு மார்ச் பத்தொன்பதும் கோவிலில் பூசை, வீட்டில் நாலு பேருக்குச் சோறு.

மில்ரன் இப்போது மன்னார் ரவுணில் கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை லப்டொப்பும் கையுமாக வந்தவன் சுவரைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். தகப்பனுக்குக் கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தான். ஒரு கட்டத்தில் திகதி, மறு கட்டத்தில் சம்பவம். இடையில் எதையும் செருகலாம், தானே வரிசைக்கு வந்துவிடும். யாகப்பர் ஒரு மணித்தியாலம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதில எல்லாரும் ஒரே ஆள் மாதிரியெல்லே கிடக்கு. கொம்மா தண்ணிக்கு வரிசையில நிக்கேக்க நான் விறகுக்குப் போயிருப்பன். ஆர் எங்க நிண்டதெண்டு இதில தெரியேல்லையே, தம்பி."

"அப்ப ஆளுக்கொரு கோடு வேணும், அப்பா. அதுக்கும் ஒண்டு இருக்கு."

அடுத்த ஞாயிறு அதைக் கொண்டுவந்தான். குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கென்றே செய்த கொம்பியூட்டர் புறோகிராம். ஆளுக்கொரு கோடு, பிறந்த நாளில் தொடங்கி இடமிருந்து வலமாக ஓடியது. சம்பவத்துக்கொரு புள்ளி. புள்ளியைத் தொட்டால் இடம், திகதி, கடிதமோ படமோ எல்லாம் விரிந்தன. யாகப்பருக்குப் பிடித்துப்போயிற்று. இப்படி ஒன்று சங்கத்தில் இருந்திருந்தால் நான் என்னவெல்லாம் செய்திருப்பேன் என்று வாய்விட்டுச் சொன்னார். அலுமாரிக்குள் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கி வந்து, முகாம் அட்டை, பதிவுத் துண்டு, ஆஸ்பத்திரிக் காட் என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பினார். பெற்றிசியா குசினியில் சம்பலுக்கு இடித்துக்கொண்டிருந்தாள்.

மில்ரன் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திகதி போட்டான். றொஷேலின் காட்டையும் பொலித்தீனைப் பிரித்து எடுத்தான். எட்டு வருசமாக அதை யாரும் வாசித்ததில்லை. டொக்டரின் இங்கிலீசுக் கிறுக்கல், ஓரத்தில் பழுப்புக் கறை. அதைப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"அப்பா, இதில ஒரு பிழை வருது" என்றான் மில்ரன். றொஷேலின் கோட்டின் முனையில் சிவப்பாக ஒரு அடையாளம் விழுந்திருந்தது. "செத்த திகதிக்குப் பிறகும் அக்காவுக்கு மருந்து கட்டினதெண்டு இருக்காம். காட்டில ஏப்ரல் இருபத்துநாலு, இருபத்தேழு, இருபத்தொன்பது எண்டு போட்டிருக்கு. ஏதோ ஒரு திகதி பிழை."

யாகப்பர் காட்டை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். டொக்டரின் எழுத்து விளங்காவிட்டாலும் இலக்கம் விளங்கியது. எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய மறைமாவட்டக் கலண்டரைப் புரட்டினார். மே முதலாம் திகதிக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது: தொழிலாளரான புனித சூசையப்பர். அந்தப் பெண் எந்த ஊர்க்காரியோ, அவளுடைய ஊரில் அதுதான் திருநாளோ, யாருக்குத் தெரியும்? அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

அவர் கதிரையில் வந்து இருந்தபோது மில்ரன் திரையை விரித்திருந்தான். ஏப்ரல் மாதம் நாள் நாளாகக் கிடந்தது. இருபத்தேழாம் திகதி றொஷேலின் கோட்டில் ஒரு புள்ளி. அதற்கு நேர் கீழே யாகப்பரின் கோட்டிலும் ஒரு புள்ளி. கால் புண்ணுக்கு மருந்து கட்ட முகாமில் இருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன நாள் அது. தன்னுடைய காட்டையும் அவர் பத்திரமாக வைத்திருந்தார், ஒழுங்கான மனிதர் அல்லவா. இரண்டு காட்டிலும் ஒரே ஆஸ்பத்திரியின் சீல்.

"அப்பா... நீங்கள் அண்டைக்கு அங்கயா இருந்தனீங்கள்?"

அங்கேதான் இருந்தார். காலை ஒன்பது மணியில் இருந்து பின்னேரம்வரை, பெண்கள் வார்ட்டுக்கு எதிர்ப்பக்கம் போட்டிருந்த மர வாங்கில். கப்பலில் போனவர்கள் எல்லாரும் திருகோணமலைப் பக்கம் என்று முகாம் முழுக்கச் சொன்னார்கள், அவரும் நம்பினார். அங்கிருந்து ஆட்களை இந்த ஆஸ்பத்திரிக்கு மாற்றினதை ஒருவரும் சொல்லவில்லை. மருந்து கட்டி முடிய ஒரு நேர்ஸ் சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு பயமில்லாமல், சுவரில் சாய்ந்து நித்திரை கொண்டார். பிள்ளை இருபது அடி தூரத்தில் உயிரோடு கிடந்தாள். எழுந்து போய் ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

அழுதால் குசினிக்குக் கேட்கும் என்று வேட்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். மில்ரன் தகப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"கொம்மாவுக்குத் தெரியக்கூடாது" என்றார் யாகப்பர் கடைசியில். "தெரிஞ்சால் அவள் இருக்கமாட்டாள்."

"அப்ப புத்தகத்துக்கு?"

"மார்ச் பத்தொன்பது எண்டே போடு."

"இது விடாது, அப்பா. சிவப்பு நிண்டுகொண்டே இருக்கும்."

"அப்ப இது வேண்டாம். ஆளுக்காள் வேற வேற தாளில கையால எழுதுவம். தாள் கேள்வி கேக்காது."

அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். திகதி பிசகாத மனிதர் தன் வாழ்க்கையில் முதல் தரம் தெரிந்துகொண்டே ஒரு பொய்த் திகதி எழுதினார். சுவாமியார் எழுத்து முத்துமுத்தாக இருப்பதாகச் சொன்னார்.

ஆனால் பிள்ளையின் நாள் மனதை அரித்தது. எட்டு வருசமாக அவளுக்குப் பூசை கொடுத்த நாள் அவளுடைய நாளே அல்ல. மார்ச் பத்தொன்பதில் அவள் உயிரோடு அம்மாவைக் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பாள்; இவர்கள் அந்த நாளில் ஆன்ம இளைப்பாற்றி கேட்டார்கள். இதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மே முதலாம் திகதிப் பூசையைப் போய்ப் பதிந்தார். பூசைக்கு முன்னால் யாருக்காக என்று பெயர் வாசிப்பார்கள், அது தெரியும். பெயரில்லாமல் கொடுப்போமா என்றும் யோசித்தார். பிறகு, எட்டு வருசம் கழித்து ஒரு சரியான நாள் கிடைத்தும் பிள்ளையைப் பெயரில்லாதவள் ஆக்குவதா என்று நினைத்து, றொஷேல் என்று எழுதினார். கிழமை நாளில் பெற்றிசியா நண்டுக் கொம்பனியில் நிற்பாள். ஆறு மணிப் பூசைக்கு ஒருநாளும் வந்ததில்லை.

மே முதலாம் திகதி தொழிலாளர் தினம் என்பது, திகதி போட்டே பிழைப்பு நடத்திய அந்த மனிதருக்கு, அன்று விடிய ஐந்து மணிக்குக் கொம்பனி பஸ் வராதபோதுதான் உறைத்தது. பெற்றிசியா சுருண்டு படுத்திருந்தாள். பாவம், ஒருநாளாவது படுக்கட்டும் என்று சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளிக்கிட்டார்.

அவர் ஆண்கள் பக்கம் முன் வாங்கில் இருந்தார். பெயர் வாசித்தார்கள். பிரசங்கத்தில் சுவாமியார் இன்று சூசையப்பரின் திருநாள், உழைப்பாளிகளின் பாதுகாவலர் என்று பேசினார். யாகப்பர் கண்ணை மூடிக்கொண்டு மகளிடம் மன்னிப்புக் கேட்டார். பூசை முடிந்து திரும்பியபோது பெண்கள் பக்கம் கடைசி வாங்கில் பெற்றிசியா முக்காட்டோடு முழந்தாளில் நின்றாள். எல்லாரும் வெளியே போன பிறகும் அவள் எழும்பவில்லை.

அவர் பக்கத்தில் போனார்.

"பிள்ளையின்ர பேர் வாசிச்சவை. இண்டைக்கும் சூசையப்பர் திருநாளாம்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். "நாங்கள் ஏப்ரல் இருபது வெளியில வந்திட்டம். பதினொரு நாள்."

"பெற்றி, எழும்பு, வீட்டை போய்க் கதைப்பம்."

"நீங்கள் கால் கட்டப் போனது எப்ப?"

பொய் சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் தள்ளிச் சொல்லியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? எழுத்தில் வந்த பொய் வாயில் வரவில்லை.

"இருபத்தேழு."

"எந்த ஆஸ்பத்திரி?"

அவர் கண் பீடத்துப் பக்கம் போயிற்று. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. தன்னைத் திட்டுவாள், நெஞ்சில் குத்துவாள் என்று யாகப்பர் காத்திருந்தார். எதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தார்.

"துணைக்கு ஒராள் வரலாமெண்டு ஆமிக்காரன் சொன்னவன்" என்றாள் அவள். "உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பஸ்ஸில ஏறீட்டியள். நான்தான் மாட்டன் எண்டனான். தண்ணி வரிசையில என்ர வாளி எட்டாவதா நிண்டது. விட்டிட்டு வந்தா இடம் போயிடும் எண்டு நினைச்சன். நான் வந்திருந்தா பொம்பிளையளின்ர வார்ட்டுக்குள்ள போயிருப்பன். ஊர்ப் பொம்பிளையள் ஆரும் கிடக்கினமோ எண்டு ஒவ்வொரு கட்டிலாப் பாத்திருப்பன்."

யாகப்பருக்கு இது தெரியாது. அவருடைய கோட்டில் ஒரு புள்ளி இருந்தது. அவளுடைய கோட்டில் அந்த நாளில் ஒன்றுமே இருக்கவில்லை. தன் பிழையை மறைத்து அவளைக் காப்பாற்றலாம் என்றுதான் இத்தனை நாளும் பாடுபட்டார். அவள் அதற்குள் தன்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"பறந்து போக வேண்டியிருக்கேல்லை" என்றாள் பெற்றிசியா. "பஸ் வாசலில நிண்டது."

அவர் கையைக் கொடுத்தார். அவள் பிடிக்கவில்லை. வாங்கின் விளிம்பைப் பிடித்துத் தானாக எழுந்து நின்று, முதல் தரமாக அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் ஏலாது, ஏலாது எண்டு சொல்லித்தானே சோறு திண்டனான். இனி என்னத்தைச் சொல்லித் தின்னுறது?"