வியாழக்கிழமை எடை

"வாயத் தொறப்பா." கிண்ணத்தின் விளிம்பைக் கரண்டியால் தட்டினான் ஃபின்டன். மசித்த உருளைக்கிழங்கு, பாதிக்குப் பாதி வெண்ணெய்.

அப்பா மலாக்கி உதட்டை இறுக்கிக்கொண்டார். பெல்ஃபாஸ்டில் குத்துச்சண்டைக் கூடம் நடத்தி, பையன்களைப் பட்டினி போட்டு போட்டிப் பிரிவுக்கேற்ப எடை குறைக்க வைத்தவர். பெற்ற மகன் ஒரு ரொட்டித்துண்டு கூடுதலாகத் தின்றாலும் காதோடு அறைவார். இப்போது நுரையீரலில் புற்று. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

"சாப்பிடாததால இளைக்கல. சும்மா படுத்திருக்கும்போதே நோய் தசைய எரிக்குது. திணிச்சாலும் ஒட்டாது" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஃபின்டன் மனதில் நின்றது அவள் சொன்ன வேறொன்று: வியாழக்கிழமை எடை இன்னும் குறைந்திருந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டில் யாருக்கும் எடை தானாகக் குறைந்ததில்லை. மனசு வைத்தால் குறையும், மனசு வைத்தால் ஏறும்.

"பாக்கெட்ல ரெண்டு ஈயக்குண்டு போட்டு அனுப்புடா. போட்டி எடைக்கு நாம பண்ணாததா?" என்றார் மலாக்கி.

"வெளையாடாத. முழுங்கு."

"முடியலடா."

"நான் முடியலன்னு அழுதப்ப நீ விட்டியா?"

"அண்ணே, அவர விட்டுடு!" சமையலறையிலிருந்து தங்கை பிரீட் கத்தினாள்.

ஃபின்டன் அப்பாவின் மூக்கைப் பிடித்து அழுத்தினான். மூச்சுக்காக வாய் திறந்ததும் கரண்டியைச் செருகினான். அது பல்லில் மோதியது. கிழங்கு தாடையில் வழிந்தது. வழித்து மறுபடியும் செருகினான். விரலுக்கடியில் கன்னம் இல்லை, எலும்புதான் இருந்தது.

போர்வைக்கடியிலிருந்து அப்பாவின் வலக்கை வந்ததை அவன் பார்க்கவில்லை. கிண்ணம் சுவரில் போய் உடைந்தது. ஃபின்டன் வாயில் ரத்தமும் ஒரு பல் துணுக்கும்.

"கைய எறக்காதன்னு எத்தன தடவ சொல்றது?" என்றார் மலாக்கி. கண் பளபளத்தது.

பிறகு இருமினார். இருமல் நிற்கவில்லை. ரத்தம் கட்டி கட்டியாக வந்து போர்வையில் கிடந்த வெண்ணெயை மூடியது. பிரீட் அண்ணனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு அப்பாவை நிமிர்த்திப் பிடித்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது அவள் கையில் கனம் மட்டும் இருந்தது; அதுவும் அதிகமில்லை.

மறுநாள் முன்னறையில் சவப்பெட்டியைச் சுற்றி, துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தேநீரும் சாண்ட்விச்சும்.

"உதட்டுல யாருடா குத்தினது?" என்றார் பக்கத்து வீட்டு ஜெரார்ட்.

"அப்பா."

அறை அதிரச் சிரித்தார்கள். "சாகுற வரைக்கும் மனுசன் ஒரு குத்த மிச்சம் வச்சிருந்திருக்கான் பாரு!"

பிரீட் சிரிக்கவில்லை. சாண்ட்விச் தட்டை அண்ணன் மடியில் வைத்தாள்.

"தின்னு."

அவன் எடுக்கவில்லை. அவளும் தட்டை நகர்த்தவில்லை.

அடக்கத்தன்று தெருவழியே பெட்டியைத் தூக்க ஆறு பேர் குனிந்தார்கள். எல்லாரும் கூடத்தில் அவரிடம் அடி வாங்கியவர்கள். பழைய மலாக்கியின் கனத்தை நினைத்து முழங்காலை ஊன்றி, பல்லைக் கடித்து எழுந்தார்கள். பெட்டி தோளைத் தாண்டி எகிறியது. தடுமாறிப் பிடித்துக்கொண்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கூடத்தை இப்போது ஃபின்டன் நடத்துகிறான். அவன் முன்பல்லின் ஓரம் உடைந்தபடியே இருக்கிறது.