ஆடாத ஆட்டத்தின் பாக்கி

குடும்ப நிம்மதிக்கு மாமனார் கொடுத்த விலை ஒரு கேரம் போர்டு, பவுடர் தனி.

ஆணியையும் கீலையும் எடைபோட்டு விற்றே தலை நரைத்த இரும்புக் கடைக்காரர் அவர். இரண்டு மாப்பிள்ளைகளை எந்தத் தராசில் வைப்பது என்றுதான் தெரியவில்லை. முட்டிவலி முற்றி, கல்லாவை விட்டு எழ வேண்டிய வேளை வந்துவிட்டது. அதில் யார் உட்காருவது? மூத்தவர் போல்ட்டை எடுத்துக் கொடுத்தால் சின்னவர் நட்டை ஒளித்து வைப்பார். வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்கு நடையைக் கட்டினார்கள்.

“கடை லீவு அன்னைக்கு குடோன்ல ஆடுங்க. ஜெயிச்சவர் கல்லாவுல உட்காரட்டும், தோத்தவர் வாயை மூடிக்கட்டும்” என்றார் மாமனார்.

ஏற்பாட்டை மூத்தவர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். கடை ஆட்கள் ஐந்து பேரைச் சேர்க்க, மொத்தம் ஏழு. எட்டாவதாக டிரைவர் வந்து நின்றதும், “உனக்குக் கை நடுங்குதுப்பா, போய் வண்டியைத் துடை” என்று விரட்டினார். அவருக்கு ஏழுதான் வேண்டும். ஏழு பேர் என்றால் ஒருவர் ஜோடியில்லாமல் நிற்பார். முதல் சுற்றில் ஆடாமலே அடுத்ததற்குப் போவார்.

பெயிண்ட் டப்பாவில் சீட்டுகளைக் குலுக்கி, மூலை மடித்து வைத்திருந்த ஒன்றை மூத்தவரே எடுத்தார். “அடடா, எனக்கு பை!”

“என்ன பை? காய்கறிப் பையா?” என்றார் மாமனார்.

“இல்ல மாமா. ஆடாமலே அடுத்த ரவுண்டு. விளையாட்டு விதி.”

“டப்பா உங்களது, சீட்டு உங்களது, விதியும் உங்களதா சகலை?” என்றார் சின்னவர்.

“பயமா இருந்தா வீட்டுக்குப் போயிடுங்க சகலை. உங்க பொண்டாட்டி கண்ணைத் துடைச்சுவிடுவா.”

சின்னவர் பல்லைக் கடித்துக்கொண்டு லோடுமேனையும் வெல்டரையும் அடுத்தடுத்துத் தோற்கடித்தார். மூத்தவர் காலாட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அப்புறம் கணக்குப்பிள்ளையோடு ஒரே ஆட்டம், வென்று இறுதிக்கு வந்தார்.

“கை வேர்க்குதே சகலை, பவுடர் வேணுமா?”

“நீங்களே வெச்சுக்குங்க. தோத்த பிறகு முகத்துல பூசிக்கலாம்.”

ஆனால் தோற்றது சின்னவர்தான். கடைசிக் காய் விழுந்ததும் மூத்தவர் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தார். “சாவியைக் கொடுங்க மாமா.”

“பொறுங்க மாப்பிள்ளை. எத்தனை ஜெயிச்சீங்க?”

“ரெண்டு.”

“சின்னவர்?”

“அவரும் ரெண்டு. ஆனா என்கிட்ட தோத்தாரே!”

“அவர் மூணு ஆடினார், நீங்க ரெண்டுதான் ஆடினீங்க. முதல் ஆட்டம் எங்கே?”

“அதான் பை மாமா!”

“காலிப் பையைத் தராசுல வெச்சா என்ன எடை வரும்? சரக்கு இறக்காம பில் நீட்டறீங்க. நாப்பது வருஷ வியாபாரத்துல அப்படி ஒரு பில்லுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. ஒரு ஆட்டம் பாக்கி. ஆடிட்டு சாவி கேளுங்க.”

“யார்கூட ஆடறது? எல்லாரும் தோத்தாச்சே!”

மாமனார் முட்டியைப் பிடித்தபடி போர்டுக்கு எதிரே உட்கார்ந்தார். “நான் இன்னும் தோக்கலையே.”

சின்னவர் கைதட்டிச் சிரித்தார். மூத்தவருக்குக் காது சிவந்தது. கிழவரைத் தோற்கடித்துவிட்டு அவரிடமே கல்லாவைக் கேட்பதா? தோற்றால் சகலை ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பானே! மாமனார் ஆணி எண்ணுகிறவர் மாதிரி ஒவ்வொரு காயாகக் குழியில் தள்ளினார். கடைசியில் இருவருக்கும் ஒவ்வொரு காய் மிச்சம். மூத்தவரின் காய் குழி வாயிலேயே நின்றது. தட்டினால் போதும்.

“ஆடுங்க சகலை, பெரியவர் தூங்கிடப் போறார்.”

மூத்தவர் தட்டவில்லை, அறைந்தார். காய் விழுந்தது. ஸ்ட்ரைக்கரும் அதன் பின்னாலேயே விழுந்தது.

“ஃபவுல்” என்றார் மாமனார். “விழுந்ததை எடுத்து நடுவுல வைங்க. அபராதத்துக்கு இன்னொண்ணு.” பிறகு தன் காயை ஒற்றை விரலால் குழிக்கு அனுப்பினார்.

“ரெண்டு பேரும் சமம். சமமான ரெண்டு எடைக்கல்லை வெச்சு நான் எதை நிறுக்கிறது?” என்று சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

மூத்தவர்: ஆட்டம் மூன்று, வெற்றி இரண்டு, தோல்வி ஒன்று.

சின்னவர்: ஆட்டம் மூன்று, வெற்றி இரண்டு, தோல்வி ஒன்று.

மாமனார்: ஆட்டம் ஒன்று, வெற்றி ஒன்று. பாக்கி இல்லை.