கோட்டுக்கு மேல்

காரைவிட்டு இறங்கியதும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி முதலில் தன் டிரைவரைத் தள்ளிப் போகச் சொன்னார். "ஏலே, அங்கன வேப்பமரத்துக்கிட்ட போயி நில்லு." உக்கிரபாண்டி போய் நின்றார். பட்டாளத்தில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவர். மரத்தில் சாயாமல், கையைக் கட்டாமல், சொன்ன இடத்தில் நின்றார்.

எண்பத்தெட்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. என் ஒர்க்‌ஷாப் ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜபாளையம் போகிற ரோட்டில் இருந்தது. அண்ணாச்சிக்கு ராஜபாளையத்தில் பஞ்சு ஜின்னிங் பேக்டரி. அந்த ஊரில் மெக்கானிக்குகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் டிரைவர்களின் கைக்குள் இருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அதனால்தான் இவ்வளவு தூரம் என்னைத் தேடி வந்திருந்தார். மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு மருந்து பாட்டிலை எடுத்து, மரத்துப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு என்னிடம் நீட்டினார். அன்று காலை டேங்கிலிருந்து அவரே உறிஞ்சி எடுத்த டீசல்.

"மோந்து பாரு காசி. வண்டி கருகருன்னு புகையுது, மேடு ஏற மாட்டேங்குது. சீமெண்ணெய் கலந்துட்டு டீசலை வெளிய விக்கான். நீ ஒரு வார்த்தை சொல்லு, இன்னையோட இவன நிப்பாட்டிருதேன். பொறவு ஒரு மில்லுக்காரனும் இவன வாசல்ல சேக்க மாட்டான்."

முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடைதான். ஆனாலும் நானும் சந்தேகப்பட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சீமெண்ணெய் கலக்கும் டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களும் இப்படி நிதானமாகத்தான் நிற்பார்கள். வாடையை வைத்து ஒருவரின் பிழைப்பில் கை வைக்க முடியாது, திறந்து பார்க்கிறேன் என்றேன். மேனிபோல்டைக் கழற்ற இன்னொரு கை வேண்டியிருந்தது. அண்ணாச்சிக்கு மனமில்லை. வேறு வழியில்லாமல் உக்கிரபாண்டியைக் கூப்பிட விட்டார்.

மேனிபோல்டு என்பது வேறொன்றுமில்லை, இன்ஜின் மூச்சு இழுக்கும் குழாய். பில்டரைத் தாண்டி வரும் காற்று அதன் வழியாகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து போகும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு விரல் போக வேண்டிய துவாரத்தில் சுண்டுவிரல் நுழையவில்லை. சுற்றிலும் கரி, மேலே பிசுபிசுப்பாகவும் அடியில் ஓடு மாதிரி இறுகியும். காற்று பாதிதான் போகிறது, டீசல் மட்டும் பழைய அளவில் விழுகிறது. எரிய வழியில்லாத மிச்சம் கரும்புகையாக வருகிறது. வண்டி மேடு ஏறாததும் இதனால்தான்.

"சீமெண்ணெய் ஊத்துனா இப்படித்தான் ஆகும், இல்ல?" என்றார் அண்ணாச்சி.

ஆகாது. டீசல் வண்டியில் எண்ணெய் இந்தக் குழாய்க்குள் வருவதே இல்லை. நாசில் என்கிற ஊசிமூக்கு அதை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சிவிடும். இது காற்றுக்கு மட்டுமான வழி. இங்கே அடைத்திருப்பது டேங்கிலிருந்து வந்திருக்க முடியாது. இதைச் சொன்னபோது உக்கிரபாண்டி தலையைத் தூக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என்னையும் அவர் ராஜபாளையத்து மெக்கானிக்குகளோடு சேர்த்துவிட்டார் என்று தோன்றியது.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? ஏர் பில்டரைத் திறந்தேன். அதன் அடியில் ஒரு கிண்ணம் உண்டு, அதில் ஆயில் நிற்கும். உள்ளே வரும் காற்று ஆயிலின் மேல் மோதித் திரும்பும்போது தூசியும் பஞ்சும் அதில் ஒட்டிக்கொள்ளும். எதுவரை ஊற்ற வேண்டும் என்று கிண்ணத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால், இன்ஜின் இழுக்கிற இழுப்பில் ஆயில் துளித்துளியாகக் காற்றோடு கிளம்பிவிடும். குழாயின் சுவரில் ஈரமாகப் படியும். இன்ஜினிலிருந்து ஆவிக்குழாய் வழியாக வரும் புகை அதில் ஒட்டும், சூட்டில் காயும், மறுபடி ஈரம் படியும். மிச்ச ஆயிலை இரண்டு மூன்று நாளில் இன்ஜின் குடித்துவிடும். பிறகு யார் திறந்து பார்த்தாலும் கோட்டளவில்தான் நிற்கும், தடயமே இருக்காது. அன்று கோட்டுக்கு மேல் ஒரு விரல்கடை நின்றது.

எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று உக்கிரபாண்டியிடம் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் தம்பி. சனிக்கிழமைதோறும் கழுவி ஊத்துவேன். கோட்டத் தாண்டி ஒரு சொட்டு விட மாட்டேன்."

"பொய் சொல்லுதான்," என்றார் அண்ணாச்சி. "காலையில நான் தெறந்து பாக்கையில கிண்ணத்துல பாதிகூட இல்ல."

"நீங்களா தெறந்திய அண்ணாச்சி?" என்றேன்.

அவர் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். வைத்ததைச் சரிபார்த்தார். "பஞ்சு பறக்குற எடம். ஆயிலு கூட இருந்தா நல்லதுதான? இவன் மிச்சம் பிடிச்சிருவான்னுதான்... ஞாயித்துக்கிழமை இவன் வாரதுக்கு முன்னால நான் ஒரு கால் லிட்டர் சேத்து விடுதேன்."

உக்கிரபாண்டி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எம்புட்டு நாளா மொதலாளி?"

அண்ணாச்சி மஞ்சள் பையின் வாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப தெனமும் டேங்குக்குள்ளயும் குச்சி விட்டு டீசல அளந்துதான் பாத்திருப்பிய."

கரியை ஊறவைக்க நான் சீமெண்ணெய் டின்னைத் தூக்கி வந்தபோது உக்கிரபாண்டி லேசாகச் சிரித்தார். இரண்டு பேருமாகச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்ட மதியமாகிவிட்டது. நான் சும்மா இருக்க முடியாமல், ஆயில் கோட்டளவுதான் ஊற்ற வேண்டும், ஆவிக்குழாயை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும், சும்மா நிறுத்தி வைத்து ஓடவிடக் கூடாது, வாரம் ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடேறும்படி நீளமாக ஓட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பதில்தான் கவனமாக இருந்தார்கள்.

ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை அழுத்தினேன். புகை இருக்கிற இடம் தெரியவில்லை. அண்ணாச்சி வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உக்கிரபாண்டி சோப்புப் போட்டுக் கை கழுவினார். முழங்கை வரைக்கும் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தவர், முன்கதவின் அருகே கொஞ்சம் நின்றார். பிறகு ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார். கூப்பிடுவாரா என்று அண்ணாச்சியைப் பார்த்தேன். கண்ணாடியை இறக்கியிருந்தார், வாய் மட்டும் திறக்கவில்லை.

தென்காசி பஸ் வந்து இருவருக்கும் நடுவில் நின்றது. பின்வாசலில் கூட்டம் நெருக்கி ஏறியது. சக்கரங்களுக்கு இடையே அந்தப் பக்கத்துக் கால்கள் நிறையத் தெரிந்தன. அண்ணாச்சி கழுத்தை வெளியே நீட்டிக் குனிந்து, அவற்றில் ஒரு ஜோடிக் காலைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.