சம்மதம் கேட்கும் திரை

புதுக் கைப்பேசியைக் கல்லாபுரப் பல்கலைக்கழக வைஃபை வலையில் பதிவதற்காகக் கணினி மையத்து ஜன்னலில் நான் நின்றது முக்கால் மணி நேரம்தான். அதற்குள் எனக்கு இரண்டு அங்குலம் தாடி வளர்ந்துவிட்டது. பதினொரு மணிக்கு என் கடைசி மாணவி அக்ஷதாவின் வாய்மொழித் தேர்வு. டெல்லித் தேர்வாளர் திரையில் வருவார். வழிகாட்டியான நானும் என் பெயரில் பதிந்த கருவியில் முகம் காட்ட வேண்டும். இல்லையென்றால் தேர்வு ஆறு மாதம் தள்ளிப்போகும். அவளுக்குக் கிடைத்த வேலை இன்றோடு கைநழுவும்.

“ரிடையரானவங்களுக்கு ரெண்டே கருவிதான் மாஸ்தரே. ஒண்ணை எடுத்தாத்தான் இது ஏறும்” என்றான் குமாஸ்தா விருபாட்சி.

“முதலாவதை எடுப்பா. அது சாம்பார் அண்டாவுல விழுந்து செத்துப்போச்சு.”

“எடுக்கணும்னா அந்த போன்லயே சம்மதம் அழுத்தணும்.”

“செத்ததுகிட்ட சம்மதமா? எமன்கூடக் கேட்கமாட்டானே!”

“எமனுக்கு சர்க்குலர் போகல. ரெண்டாவது யாருது?”

இரண்டாவது விடுதிச் சமையல்காரி நீலவ்வாவுடையது. சமையலறை இருக்கும் பள்ளத்தில் டவர் எட்டாது. சமையல்காரர்களுக்கு வலையில் இடமும் கிடையாது. இங்கே ஓய்வு பெற்றவர்கள் எல்லோருமே இப்படி யாருக்காவது ஓர் இடம் கொடுத்திருப்போம். மூன்று வருடமாகக் கர்ணனைப் போல நடமாடியவன் நான். அவளுடைய போனையே வாங்கித் தேர்வில் உட்காரலாமென்றால், அதன் கேமரா கொதியெண்ணெய் பட்டுக் குருடாகிவிட்டது.

நான்கே தாவலில் சமையலறைக்குப் போனேன். மாவு டப்பாவில் போனைச் சாய்த்துவைத்து, நீலவ்வா சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். எடுத்தால் அவள் போன் முப்பது நாளைக்கு வலையில் திரும்ப ஏறாது என்பதையும் சொன்னேன்.

“என் மக கஸ்தூரியை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுபோயிட்டாங்க மாஸ்தரே. ஹூப்ளியிலிருந்து மருமகன் இதுலதான் கூப்பிடுவான். முந்நூறு பேர் சோத்தைப் போட்டுட்டு நான் எந்த மலையில ஏறி நிக்க?”

எதற்கும் ஒரு பொய் வைத்திருப்பவன் நான். அன்றைக்கு அக்ஷதாவின் வேலை போய்விடும் என்ற நிஜத்தைத்தான் சொன்னேன்.

“யாரு, கருகின ரொட்டியையும் நல்லாருக்குன்னு திங்குமே, அந்தப் பொண்ணா?”

“அவதான்.”

“எங்க அழுத்தணும்?”

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தாறு. அழுத்தினாள். மாவு விரலைத் திரை ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்தாள். ‘வேண்டாம்’ என்று சொல்லவேண்டிய நான் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். துடைத்த விரல் திரைக்கு மேலே நின்றது. கல்லில் ரொட்டி உப்பிக்கொண்டே போனது. திருப்பிப் போட ஆளில்லை.